வேலியோரத்துத் தகரமும் டயரும்: ஒரு நில அளவரின் பதில்

தென்காசிப் பக்கம் வீடு கட்டி இரண்டு வருடத்துக்கு முன் குடிவந்த ஒருவர் கேட்டிருக்கிறார். பக்கத்து மனைக்காரர் எல்லையோரமாகத் துருப்பிடித்த தகரங்களை நட்டு, அவற்றின்மேல் பழைய பிளக்ஸ் பேனரைக் கட்டியிருக்கிறார். அதை ஒட்டிப் பழைய டயர், உடைந்த ஓடு, தென்னை மட்டை, பொத்தல் விழுந்த தண்ணீர்த் தொட்டி எல்லாம் குவிந்து கிடக்கின்றன. போதாததற்கு அவருடைய முருங்கைக் கிளை இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கிறது. கூடத்து ஜன்னலைத் திறந்தால் கண்ணில் படுவது அதுதான். கேட்டால், "என் இடத்தில் நான் வைத்திருக்கிறேன்" என்கிறாராம். சட்டப்படி இதை அகற்ற வைக்க முடியுமா என்பது கேள்வி. ஆனால் இதற்குள் ஒன்றுக்கு மேற்பட்ட கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. பார்க்கச் சகிக்காததை எதிரில் வைக்கக் கூடாது என்று சொல்ல எனக்கு உரிமை உண்டா? அந்தக் குவியலால் என் வீட்டுக்குக் கெடுதல் உண்டா? அது கிடக்கும் இடம் உண்மையிலேயே அவருடையதுதானா? ஒவ்வொன்றுக்கும் பதில் வேறு. ஒன்றுக்குரிய பதிலை இன்னொன்றுக்குப் பயன்படுத்தப் போய்த்தான் வருடக்கணக்கில் பேச்சுவார்த்தை இல்லாமல் போன குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன்.

நான் முப்பத்து மூன்று வருடம் நில அளவராக வேலை பார்த்தவன். சங்கிலி பிடித்துத் தொடங்கி, டோட்டல் ஸ்டேஷன் என்ற மின்னணு அளவைக் கருவியோடு ஓய்வு பெற்றேன். வழக்கறிஞர் அல்ல. சட்டம் பற்றி இங்கே சொல்வதெல்லாம் புலப்படத்தை, அதாவது நில அளவைத் துறையின் வரைபடத்தை, கையில் வைத்துக்கொண்டு சாட்சிக் கூண்டில் நின்றும், இடத்தைப் பார்த்துவர நீதிமன்றம் அனுப்பும் வழக்கறிஞர் ஆணையர்களோடு வெயிலில் நடந்தும் கற்றது. உங்கள் மனையை நான் பார்த்ததும் இல்லை. எல்லை பற்றி நான் சொல்வதை உங்கள் பத்திரத்தோடு வைத்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் உங்களுக்குப் பிடிக்காத பதிலைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதுதான் மிக உறுதியானது. அசிங்கமாக இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகப் பக்கத்து மனையில் இருப்பதை அகற்றச் சொல்ல உங்களுக்கு உரிமை இல்லை. இது நேற்று வந்த விதி அல்ல. இங்கிலாந்தில் 1610-ல் ஆல்ட்ரெட் என்பவர் போட்ட வழக்கு ஒன்று உண்டு. பக்கத்து வீட்டுக்காரர் தம் வீட்டை ஒட்டிப் பன்றிக் கொட்டில் கட்டிவிட்டார், நாற்றம் தாங்கவில்லை என்பது அவர் முறையீடு. நாற்றத்துக்காக அவர் ஜெயித்தார். அதே வழக்கில், காட்சி என்பது மனமகிழ்ச்சிக்கு உரியது, வாழ்வதற்கு அவசியமானது அல்ல, ஆகவே அது மறைந்ததற்காக வழக்குப் போட முடியாது என்றும் எழுதிவைத்தார்கள். அந்த வேறுபாடு நம் நாட்டுக்கும் வந்து சேர்ந்தது. பக்கத்து நிலத்தின் மேல் ஒருவருக்கு உள்ள உரிமைகளைச் சொல்லும் 1882-ஆம் வருடத்து இந்திய வசதியுரிமைச் சட்டம் தொடக்கத்திலேயே சென்னை மாகாணத்துக்குப் பொருந்தியது. இருபது வருடம் தடையின்றி அனுபவித்த வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் அதில் உரிமை உண்டு. உங்கள் நிலத்துக்கு வரும் காற்றைப் பிறர் அளவு மீறிக் கெடுக்கக் கூடாது என்பதும் அதில் இருக்கிறது. ஜன்னலுக்கு வெளியே என்ன தெரிய வேண்டும் என்பதற்கு அதில் இடமே இல்லை. நீங்கள் வீடு கட்டி இரண்டு வருடம்தான் ஆகிறது என்பதால், அந்தத் தகரம் வெளிச்சத்தை மறைக்கிறது என்ற வாதமும் இப்போதைக்கு எடுபடாது.

ஆகவே "அசிங்கம்" என்ற சொல்லை மனுவில் எழுதாதீர்கள். நேரில் பேசும்போதும் அது வாயில் வர வேண்டாம். அந்தச் சொல்லைக் கேட்டதும் எதிராளி தன் வறுமையை, தன் பழக்கத்தை, தன் பெற்றோர் வாழ்ந்த விதத்தையே நீங்கள் இழிவாகப் பேசுவதாக எடுத்துக்கொள்வார். அதிகாரியோ அதைப் படித்துவிட்டு மனுவை ஓரமாக வைப்பார்.

இனி, கெடுதல். இங்கே உங்கள் கை ஓங்குகிறது. நீங்கள் எழுதிய பட்டியலில் எனக்கு முதலில் உறுத்தியது தகரம் அல்ல, டயர். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையில் முட்டையிடுவதில்லை. டயருக்குள்ளும் ஓட்டாஞ்சில்லிலும் தேங்காய்ச் சிரட்டையிலும் தேங்கும் தெளிந்த மழைநீர்தான் அதற்கு வேண்டும். வெயில் காலத்தில் ஏழிலிருந்து பத்து நாளில் முட்டை கொசுவாகிவிடும். தண்ணீர் வற்றினாலும் முட்டை மாதக்கணக்கில் ஒட்டிக்கொண்டு காத்திருக்கும், அடுத்த மழையில் பொரிக்கும். டயரைக் கவிழ்த்தாலும் நிமிர்த்தினாலும் உள்வளைவில் தண்ணீர் நிற்கும் என்பதால் அது தனி ஆபத்து. உங்கள் வீட்டில் குழந்தை இருந்தால் இதை முதல் வேலையாக எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து உங்கள் சுற்றுச்சுவர். அவருடைய குவியல் சுவரில் சாய்ந்திருக்கிறதா, தள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். நாலரை அங்குலச் செங்கல் சுவர் எல்லை காட்டுவதற்குக் கட்டியது, மண்ணைத் தாங்குவதற்கு அல்ல. ஒரு பக்கம் மூன்றடி உயரத்துக்கு ஓடும் மண்ணும் ஏறி, ஐப்பசியில் அது நனைந்து கனத்தால் சுவர் மெல்லச் சாயும். தூக்குக்குண்டு ஒன்றைச் சுவரின் தலையிலிருந்து தொங்கவிட்டு, அடியில் எவ்வளவு விலகுகிறது என்று தேதி போட்டுக் குறித்துவையுங்கள். மூன்று மாதம் கழித்து மறுபடி பாருங்கள். கோபமாக எழுதிய பத்துப் பக்க மனுவைவிட அந்த இரண்டு எண்கள் அதிகம் பேசும். தென்னை மட்டையும் பழைய மரமும் சுவரோடு ஒட்டிக் கிடந்தால் கரையான் மண் வழியாக இந்தப் பக்கம் வந்துவிடும். கதவு நிலையைத் தட்டிப் பாருங்கள். தகரத்தைப் பொறுத்தவரை உங்கள் ஊர் செங்கோட்டைக் கணவாய்க் காற்றுக்கு நேர் வழியில் இருக்கிறது. ஆனி, ஆடியில் அங்கே அடிக்கும் காற்றுக்கு ஆணி கழன்ற தகரம் ஒன்று போதும். பிளக்ஸ் கட்டியிருப்பது பாய்மரம் விரித்த மாதிரி, அந்தத் தகரத்தை இன்னும் பலமாக இழுக்கும். மழைத் தண்ணீரையும் கவனியுங்கள். உங்கள் மனை மேடாகவும் அவருடையது பள்ளமாகவும் இருந்தால், இயற்கையாக வழிந்தோடும் மழைநீரை அவர் குவியல் போட்டு மறிக்கக் கூடாது. இதுவும் 1882 சட்டத்திலேயே இருக்கிறது. ஆனால் உங்கள் மொட்டை மாடித் தண்ணீரைக் குழாய் வைத்து அவர் பக்கம் விட்டால் அந்தப் பாதுகாப்பு உங்களுக்குக் கிடைக்காது.

இவற்றில் ஏதாவது உண்மையாக இருந்தால் போகும் வழிகள் இருக்கின்றன. கொசுவுக்கும் நாற்றத்துக்கும் உள்ளாட்சியின் சுகாதாரப் பிரிவு. 1939-ஆம் வருடத்துப் பொதுச் சுகாதாரச் சட்டத்தின்படி, உடல்நலத்துக்குக் கேடான தொல்லையை அகற்றச் சொல்லி நிலத்துக்காரருக்கு அறிவிப்புக் கொடுக்க முடியும். நடைமுறையில் அதற்கு முன்பே கொசு ஒழிப்புப் பணியாளர் வந்து டயரைக் கவிழ்த்து, புழு நெளிவதை அவர் கண் முன்னால் காட்டிவிட்டால் பாதி வேலை முடிந்துவிடும். விழுந்துவிடும் நிலையில் கட்டடமோ மரமோ இருந்து, அக்கம்பக்கம் குடியிருப்பவர்களுக்கோ வழியில் போகிறவர்களுக்கோ ஆபத்து என்றால் கோட்டாட்சியரிடம் போகலாம். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133-ஆம் பிரிவு என்று சொல்வோம். 2024 ஜூலை 1 முதல் அது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-ஆம் பிரிவு. கனமான வழி அது. மனைக்குள் கிடக்கும் ஓட்டுக் குவியலுக்காக அந்தப் படி ஏற வேண்டாம் என்பது என் கருத்து. ஆபத்து கண்கூடாக இருந்தால் மட்டும் போங்கள்.

முருங்கைக் கிளைக்கு நேரான பதில் உண்டு. உங்கள் எல்லைக்குள் நீண்டிருக்கும் கிளையை, அவர் மனைக்குள் காலெடுத்து வைக்காமல், எல்லைக்கோடு வரைக்கும் நீங்கள் வெட்டலாம். வேரும் அப்படித்தான். எத்தனை வருடம் நீண்டுகொண்டிருந்தாலும் அது உரிமையாகிவிடாது. ஆனால் காய் மரத்துக்காரருடையது. வெட்டிய கிளையில் இருக்கும் காயைப் பறித்து அவர் வீட்டில் கொடுத்துவிடுங்கள், சட்டத்துக்காக மட்டுமல்ல, முகத்துக்காகவும். முருங்கை எளிதில் முறியும் மரம், மழைக்காலத்தில் கம்பளிப்பூச்சி அப்பிக்கொள்ளும். "அண்ணாச்சி, பூச்சி வருவதற்கு முன்னால் இந்தக் கிளையை வெட்டிவிடலாமா?" என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்கிறவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

மூன்றாவது கேள்விதான் என்னுடைய தொழில். அந்த இடம் யாருடையது? எல்லை எங்கே என்று இருவருக்கும் தெரியும் என்று இருவரும் நினைத்துக்கொண்டிருப்பீர்கள். பெரும்பாலும் இருவருக்கும் தெரிந்தது ஒரு வேலி, ஒரு பழைய மரம், அல்லது மனை விற்றவர் நட்ட குத்துக்கல். மனைப்பிரிவு போட்டவர் நட்ட கல்லும் சர்வே கல்லும் ஒன்றல்ல. மனைக்கல்லை வண்டி மோதித் தள்ளியிருக்கும், அஸ்திவாரம் தோண்டும்போது எடுத்துக் கிட்டத்தட்ட அதே இடத்தில் நட்டிருப்பார்கள். இணையத்தில் புலப்படத்தை எடுத்து, அதன்மேல் அடிக்கோலை வைத்து அளந்துவிட்டு என்னிடம் வந்தவர்கள் ஏராளம். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். 1:2000 அளவில் வரைந்த படத்தில் அரை மில்லிமீட்டர் என்பது தரையில் ஒரு மீட்டர். கோட்டின் தடிமனிலேயே உங்கள் சண்டைக்குரிய இடம் முழுவதும் மறைந்துவிடும். படத்தில் எழுதியிருக்கும் அளவுகளை எடுத்துக்கொண்டு, நிலத்தில் உறுதியாக இருக்கும் கற்களிலிருந்து அளந்து வருவதுதான் முறை.

இப்படி எல்லையை அளந்து காட்டுவதை எங்கள் துறையில் அத்துக் காட்டுவது என்பார்கள். இ-சேவை மையத்திலோ தமிழ்நிலம் இணையதளத்திலோ விண்ணப்பித்து, கட்டணம் கட்டினால் நில அளவர் வருவார். பக்கத்து நிலத்துக்காரர்களுக்கும் தகவல் போகும். பத்திரம், அதற்கு முந்தைய மூலப் பத்திரம், பட்டா, மனைப்பிரிவு வரைபடம் எல்லாவற்றையும் எடுத்துவையுங்கள். பத்திரத்தில் நான்கெல்லையும் நீள அகலமும் ஒத்துப்போகவில்லை என்றால் நீதிமன்றங்கள் பொதுவாக நான்கெல்லைக்கே முதலிடம் கொடுக்கும். பொதுவாக என்றுதான் சொல்கிறேன், பத்திரத்துக்குப் பத்திரம் மாறும்.

ஒரு காலை நேரம் எனக்கு மறக்கவே இல்லை. கடையம் பக்கம் ஒரு கிராமம். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் அத்துக் காட்டச் சொல்லி மனுக் கொடுத்திருந்தார். உங்கள் நிலைமைதான். புது வீடு, புதுச் சுற்றுச்சுவர், அதை ஒட்டிப் பக்கத்து மனைப் பெரியவர் குவித்த மட்டையும் ஓடும். பெரியவர் எங்களைப் பார்த்து வணக்கம்கூடச் சொல்லவில்லை. திண்ணையில் உட்கார்ந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். கிழக்குக் கல் சரியாக இருந்தது. அங்கிருந்து டேப்பை இழுத்துக்கொண்டு வந்தால் மேற்குக் கல் இருக்க வேண்டிய புள்ளி, சுவர் முடிகிற இடத்தைத் தாண்டிப் பரவியிருந்த குவியலின் நடுவில் விழுந்தது. "இங்கே ஒரு கல் இருக்கணுமே ஐயா" என்றேன். "எங்கள் அப்பா காலத்தில் இருந்தது. அதற்கு அப்புறம் பார்த்ததில்லை" என்றார். கடப்பாரையோடு என் உதவியாளர் போனதும் அவர் எழுந்து வந்துவிட்டார். "நீங்கள் தொடாதீர்கள், நானே எடுக்கிறேன்."

ஒரு மணி நேரம் தனியாக எடுத்தார். மட்டைக்குக் கீழே ஓடு, ஓட்டுக்குக் கீழே ஒரு பழைய மண்தொட்டி, அதற்கும் கீழே பூரான் ஊரும் ஈர மண். முழங்கை ஆழத்தில் கடப்பாரை கல்லில் பட்ட சத்தம் கேட்டது. மண்ணைக் கையால் வழித்தார். தலையில் வெட்டுக்குறியோடு கருங்கல், அசையாமல் நின்றது. அளந்து பார்த்தால், அந்த முனையில் ஆசிரியையின் சுவர்தான் முக்கால் அடி பெரியவர் நிலத்துக்குள் போயிருந்தது. மறுமுனையில் சரியாக இருந்தது. மனை விற்றவர் நட்ட குச்சியை நம்பிக் கட்டியிருந்தார்கள். ஆசிரியை சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். பெரியவர் கல்லைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், பிறகு சொன்னார்: "சுவர் இருக்கட்டும் டீச்சர். இனி இந்தக் கல்லை நான் மூட மாட்டேன்." அதன் பிறகு அந்த ஓரத்தில் அவர் எதையும் போடவில்லை. கல் வெளியே தெரிவது அவருக்கும் வேண்டியிருந்தது. அது அவருடைய நிலத்துக்கும் சாட்சி அல்லவா?

அந்தப் பெரியவர் மாதிரி எல்லோரும் இருப்பார்கள் என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது. அளக்க வரச் சொல்வதற்கு முன், அளவு உங்களுக்கு எதிராகவும் வரலாம் என்று மனதைத் தயார்ப்படுத்திக்கொள்ளுங்கள். வந்தால் அன்றைக்கே ஒப்புக்கொள்ளுங்கள். "இருக்கட்டும்" என்று அவர் பெருந்தன்மையாகச் சொன்னாலும் வாய்ப்பேச்சோடு விடாமல், எத்தனை அங்குலம், எந்த முனையில் என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். பன்னிரண்டு வருடம் எதிரிடை அனுபவம், அதாவது பிறர் நிலத்தைத் தன்னுடையதாகவே ஆண்டுவந்ததால் உரிமை, என்று நாளைக்குப் பிள்ளைகள் காலத்தில் வழக்கு வரும்போது அந்தத் தாள் இரண்டு வீட்டையும் காப்பாற்றும். அவருடைய தகரம்தான் உங்கள் பக்கம் வந்திருக்கிறது என்று தெரிந்தால், நில அளவரின் வரைபடத்தைக் காட்டி எடுக்கச் சொல்லுங்கள். மறுத்தாலும் நீங்களாகப் பிடுங்கி எறியாதீர்கள். நில அளவர் கோட்டைத்தான் காட்டுவார். யாருக்கு உரிமை என்று தீர்ப்புச் சொல்வதும், அகற்ற உத்தரவிடுவதும் உரிமையியல் நீதிமன்றத்தின் வேலை. அங்கே போவதற்கு முன் மாவட்ட அல்லது வட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் ஒரு மனுக் கொடுங்கள். நீதிமன்றக் கட்டணம் கிடையாது, இரு தரப்பையும் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசுவார்கள். வேலித் தகராறில் பாதிக்கு மேல் அந்த மேசையில் முடியக்கூடியவை என்பது என் அனுபவம்.

ஆனால் எதைச் செய்வதற்கும் முன்னால் அவர் ஏன் அங்கே குவிக்கிறார் என்று தெரிந்துகொள்ளுங்கள். நான் பார்த்த இடங்களில் காரணம் பெரும்பாலும் பகை அல்ல. ஓட்டு வீட்டைப் பிரித்தவர் அந்த ஓட்டை எறிய மனமில்லாமல் வைத்திருப்பார். மட்டை அடுப்பெரிக்க. டயர் என்றைக்காவது பசுவுக்குத் தொட்டியாகும் என்று. உங்கள் வீடு வருவதற்கு முன் அந்த ஓரம் அவருக்குக் கொல்லைப்புறம், யாருடைய ஜன்னலும் அங்கே பார்க்கவில்லை. ஜன்னல் பின்னால் வந்தது. இதை மனதில் வைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போங்கள், குவியலைச் சுட்டிக் காட்டிக்கொண்டு வேலிமேல் நின்று பேசாமல் அவர் வீட்டு வாசலுக்குப் போங்கள். எல்லாவற்றையும் எடுக்கச் சொல்லாதீர்கள். டயரை மட்டும் கேளுங்கள். ஏற்றிப் போக வண்டிக் கூலியை நீங்கள் கொடுங்கள். சுவரிலிருந்து இரண்டடி தள்ளி மட்டையை அடுக்க ஆள் வேண்டுமென்றால் ஆளும் கொடுங்கள். ஆயிரம் ரூபாயோ இரண்டாயிரமோ ஆகும். வழக்குக்கு முதல் நாள் செலவே அதைவிடக் கூடுதல்.

மீதி உள்ள அசிங்கத்துக்கு, நான் முதலில் சொன்னபடி சட்டம் கிடையாது. அதற்கு உங்கள் நிலத்தில்தான் பரிகாரம் இருக்கிறது. சுவருக்கு உட்புறம் இரண்டரை அடி விட்டு ஜன்னலுக்கு நேராகச் செம்பருத்தியும் நந்தியாவட்டையும் மாற்றி மாற்றி நடுங்கள். இரண்டும் ஆளுயரத்துக்கு மேல் அடர்ந்து வரும், வேர் சுவரைத் தூக்காது. உடனே மறைய வேண்டுமென்றால் கம்பிவலை கட்டிச் சங்குப்பூக் கொடியை ஏற்றிவிடுங்கள், மூன்று மாதத்தில் மூடிவிடும். மூங்கில் வேண்டாம். நான்கு வருடத்தில் அது அவர் பக்கம் போய்விடும், பிறகு இதே கேள்வியை அவர் கேட்க வேண்டியிருக்கும். ஆடியில் நட்டால் காற்று கன்றைச் சாய்த்துவிடும். காற்று ஓயட்டும். புரட்டாசிக் கடைசியில் குழி எடுத்து வைத்து, ஐப்பசி முதல் மழைக்கு நடுங்கள். குழி எடுப்பதற்கு முன் கல் எங்கே இருக்கிறது என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.